சீமெந்துப் புத்துக்கு வைச்ச பால்

1

வாற செவ்வாய்க்கிழமையோடை என்ரை பிள்ளை செத்து ஒரு வருசம். ஒரு நாளும் அழாத பிள்ளைக்கு ஊரிலை ஆட்டைத்திவசம் ஒண்டும் செய்ய மாட்டினம். அழுதுபோட்டு விட்டிடு பிள்ளை எண்டு சொல்லுவினம். ஆனால் ஊரிலை ஒரு துண்டு நிலமாவது இருக்கும். வளவு மூலையிலையோ சுடலைப் பக்கத்திலையோ, இதுதான் இடம் எண்டு கை காட்டலாம். இஞ்சை எனக்கு அது இல்லை. ஊரிலை இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேணும் போலை கிடக்கு, அதுதான் எழுதுறன்.

நாங்கள் இருக்கிறது பரிஸ் லாச்சப்பலிலை. ஐஞ்சாம் மாடியிலை ஒரு அறை. இந்த இடத்திலை மெத்ரோ ரெயின் நிலத்துக்குக் கீழை போகாமல் இரும்புப் பாலத்துக்கு மேலாலை போகும். போகேக்கை அலுமாரிக்குள்ளை கோப்பையள் எல்லாம் கிலுகிலுக்கும். வந்த புதுசிலை நான் ஹெலி வருகுது எண்டு நினைச்சு மேசைக்குக் கீழை போனனான். இவர் சிரியோ சிரி எண்டு சிரிச்சவர். இப்ப ஒரு நாள் அது ஓடாட்டி எனக்கு நித்திரை வராது.

இவர் எண்டு சொல்லுறது என்ரை மனுசனை. றெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவுறார். பின்னேரம் போனால் சாமத்திலைதான் வருவார். நான் எழும்பேக்கை அவர் நித்திரை. அவர் எழும்பேக்கை நான் தையல் மெசினிலை இருப்பன், யூதக் கடைக்காரர் ஒருத்தருக்குக் காற்சட்டை தைச்சுக் குடுக்கிறன். ஒரே அறைக்குள்ளை இருக்கிறம், ஆனால் ரெண்டு பேரும் ஒண்டா முழிச்சிருக்கிறது ஒரு நாளிலை கொஞ்ச நேரம்தான்.

2

பிள்ளை வயித்துக்குள்ளையே போயிட்டுது. எட்டாம் மாசம். ஒரு நாள் முழுக்க அசையேல்லை. குளிருக்கு ஒடுங்கிக் கிடக்கு எண்டு நான் நினைச்சன். பாருங்கோ என்ரை புத்தியை. ஆசுப்பத்திரியிலை வயித்திலை கருவியை வைச்சுப் பாத்தினம், பிறகு ஆளையாள் பாத்தினம். அதை விளங்கிக்கொள்ளப் பிரெஞ்சு தேவையில்லை.

பெத்த உடனை பிள்ளையைக் கொண்டு போயிட்டினம். பிறகு ஒரு தாதி வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஏதோ கேட்டவ. ரெண்டு தரம் கேட்டவ. எனக்கு அப்ப தெரிஞ்ச பிரெஞ்சு 'வி', 'நோ', 'மெர்சி' மட்டும்தான்: ஓம், இல்லை, நன்றி. சாப்பிடப் போறியோ எண்டு கேக்கிறா எண்டு நினைச்சு 'நோ' எண்டு சொன்னன். அவ என்ரை தலையைத் தடவிப்போட்டுப் போனா. சாப்பாடு வேண்டாம் எண்டதுக்கு ஏன் தலையைத் தடவுவான் எண்டு வீட்டை வந்த பிறகுதான் யோசிச்சன். அவ என்ன கேட்டவ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

இவர் வெளியிலை ஒரு கடதாசியிலை கையெழுத்து வைச்சவராம். அதோடை எல்லாத்தையும் ஆசுப்பத்திரியே பாத்திட்டுது. பொம்பிளைப் பிள்ளை எண்டு மச்சாள்தான் எனக்குச் சொன்னவ. மச்சாள் இவரின்ரை தமக்கை, சார்செலிலை இருக்கிறா. பெத்தவள் செத்த பிள்ளையைப் பாக்கப்படாது, பாத்தால் அடுத்ததும் தங்காது எண்டு ஊரிலை சொல்லுவினமெல்லோ, அதை அவ இவருக்கும் சொல்லி வைச்சிட்டா. அதுக்குப் பிறகு இவர் பிள்ளையைப் பற்றி வாயே திறக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

ரெண்டு மூண்டு நாளிலை எனக்குப் பால் வந்தது. குடிக்கப் பிள்ளை இல்லை எண்டு அதுக்குத் தெரியாது தானே. துணியாலை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பாத்தபடி படுத்தன்.

அது நடந்து கொஞ்ச நாளிலை எங்கட றெசிப்பிசே முடிஞ்சுது. அகதி அந்தஸ்துக் கிடைக்கும்வரைக்கும் கையிலை வைச்சிருக்கிற தற்காலிகக் கடதாசி அது. மாறி மாறிப் போய் நாள் நீட்ட வேணும். விடிய முன்னமே போய் வரிசையிலை நிண்டம். கண்ணாடிக்கு அங்காலை இருந்த பொம்பிளை பேர், ஊர், விலாசம் எல்லாம் கேட்டுப்போட்டு, பிள்ளையள் எத்தினை எண்டா. அது எனக்கு விளங்கிச்சுது. அந்தப் பொம்பிளை தலையை நிமித்தித் திரும்பவும் கேட்டா. 'சேரோ' எண்டார் இவர். பூச்சியம். அவ எழுதினா. அவவிலை பிழையில்லை, சொன்னதைத்தான் எழுதினவ. நான் பக்கத்திலை நிண்டு அந்தப் பேனையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

3

இப்ப எனக்குத் திரும்பவும் மூண்டு மாசம். தெரிஞ்ச பிறகும் கன நாள் ஆருக்கும் சொல்லாமல் இருந்தன். இவருக்கும்தான். ஏனெண்டு சொல்லுறன்.

என்ரை அம்மா ஆறு பெத்தவ. வயித்திலை ஒண்டு தங்கினது தெரிஞ்ச உடனை, ஒருத்தருக்கும் சொல்ல முன்னம், நாகதம்பிரான் கோயில் புத்துக்குப் பாலும் முட்டையும் வைச்சிட்டு வருவா. அதுக்குப் பிறகுதான் அப்பாவுக்குச் சொல்லுவா. 'முதல் பாம்புக்குச் சொல்லிப்போட்டு எனக்குச் சொல்லுறாய், அப்ப இது ஆற்ரை பிள்ளை?' எண்டு அப்பா ஒவ்வொரு முறையும் பகிடி விடுவாராம். ஆறும் தங்கினது.

நான் முதல் பிள்ளைக்கு அப்பிடிச் செய்யேல்லை. சந்தோசத்திலை லாச்சப்பல் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன். நீ அங்கை இருக்கிறாய், நான் உனக்காக வைக்கிறன் எண்டு அம்மா எழுதினவ. ஆனால் கோயில் றோட்டிலை ஆமி காம்ப் போட்டுட்டான், அவவாலை போக ஏலேல்லை. கொடி கழுத்திலை சுத்தினதாலைதான் பிள்ளை செத்தது எண்டு டொக்டர் சொன்னவர். சரி. கொடி ஏன் சுத்தினது எண்டு அவர் சொல்லேல்லையே.

அதாலை இந்த முறை புத்துக்குப் பால் வைக்காமல் வாய் திறக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தன். ஆனால் பரிஸிலை புத்துக்கு எங்கை போறது? பார்க்குகளிலை எல்லாம் தேடினன். புல்லைத் தலைமயிர் வெட்டின மாதிரி வெட்டி வைச்சிருக்கிறாங்கள். எறும்பு கூடக் கண்ணுக்குத் தெரியாது. நாள் போகப் போக எனக்குப் பயம் கூடிச்சுது. ஒவ்வொரு நாளும் காலமை எழும்பினதும் வயித்திலை கையை வைச்சுப் பாப்பன். மூண்டு மாசத்திலை என்ன தெரியப் போகுது, ஆனாலும் பாப்பன்.

புத்தைக் காட்டினது துஷி. மச்சாளின்ரை மகள், பதினொரு வயசு. தாய் தமிழிலை கேட்டால் அவள் பிரெஞ்சிலை மறுமொழி சொல்லுவாள், மச்சாள் அதுக்கு ஏசுவா. என்னோடை மட்டும் தமிழ் கதைப்பாள், நான் பாவமாம், எனக்கு ஒண்டும் விளங்காதாம். புதன்கிழமையிலை பள்ளிக்கூடம் இல்லாததாலை மச்சாள் அவளை என்னட்டை விட்டிட்டு வேலைக்குப் போவா.

அப்பிடி ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்தாலை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனவை எண்டு அவள் ஒவ்வொரு மிருகமாச் சொல்லிக்கொண்டு இருந்தாள். ஒண்டு மட்டும் எழும்பவே இல்லையாம். பேர் ஒறிக்தெரோப்பாம். பகல் முழுக்க நித்திரையாம், மாமா மாதிரி எண்டு கட்டிலிலை குறட்டை விட்ட இவரைக் காட்டினாள். கொப்பி மட்டையிலை கீறியும் காட்டினாள். பண்டி மூக்கு, கழுதைக் காது, தடிச்ச வால். எங்கட ஊர் அழுங்கின்ரை செதிலை உரிச்சுவிட்ட மாதிரி இருந்தது. அதுக்குப் பக்கத்திலை கூம்பா ஒண்டு கீறினாள். நான் மெசினை நிப்பாட்டிப்போட்டு அது என்ன எண்டு கேட்டன். தெர்மித்தின்ரை வீடாம். விரலை நெளிச்சு நெளிச்சுக் காட்டினாள். கறையான்.

"பெரிசோ?"

"மாமாவிலும் பெரிசு."

அந்த மிருகம் புத்தை உடைச்சுக் கறையான் தின்னுமாம் எண்டு கேட்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நாங்கள் புத்திலை கால் பட்டாலே கன்னத்திலை போடுற சனம். ஆனால் என்னெண்டாலும் புத்து புத்துத்தானே.

4

அடுத்த புதன்கிழமை முழுகிப்போட்டு வெளிக்கிட்டன். முதல் நாளே மச்சம் மாமிசம் சாப்பிடாமல் விட்டிட்டன். வெறும் தண்ணிப் போத்திலிலை பால். முட்டை உடைஞ்சு போடும் எண்டு இவரின்ரை தோய்ச்ச காலுறை ஒண்டுக்குள்ளை போட்டுக் கைப்பையிலை வைச்சன். துஷிக்கு மிருகம் காட்டப் போறன் எண்டு இவருக்குச் சொன்னன். கண்ணைத் திறக்காமல் ம் எண்டார். மெத்ரோவிலை நாசியோனுக்குப் போய் அங்கை மாறிப் போனம்.

நாங்கள் போன நேரம் மத்தியானம். அந்த மிருகத்துக்கு ஒரு சின்ன வீடும், வெளியிலை அரைச் சுவர் கட்டின ஒரு முத்தமும் இருந்தது. வீட்டுக் கண்ணாடியாலை எட்டிப் பாத்தம். வைக்கோலுக்குள்ளை சுருண்டு கிடந்தது. காது ரெண்டையும் மடிச்சு, மூக்கை வாலுக்குள்ளை செருகி. மூச்சு விடுகுதோ எண்டு கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டன். வயிறு மெல்ல ஏறி இறங்கினதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பக்கத்துப் பலகையிலை எழுதியிருந்ததைத் துஷியைக் கெஞ்சி வாசிப்பிச்சன். ஆபிரிக்காவாம். மழை பெய்தால் புல்லு வளருற வெளியளும் பத்தைக்காடும்தான் இதின்ரை இடமாம். மண் இளக்கமா இருக்க வேணும், கறையானும் எறும்பும் நிறைய இருக்க வேணும். கல்லு நிலத்திலை சீவிக்காதாம். பகல் முழுக்கத் தான் கிண்டின கிடங்குக்குள்ளை படுத்திருந்து, பொழுது பட்டாப் பிறகு வெளியிலை வந்து கன தூரம் நடந்து திரியுமாம். அவ்வளவையும் ஒரே மூச்சிலை வாசிச்சிட்டு, "காணும் மாமி, நான் உங்கட றேடியோவே?" எண்டாள்.

புத்து முத்தத்திலை, சுவருக்குக் கிட்டத்தான் இருந்தது. செம்மண் நிறம். அங்கங்கை ஓட்டை. ஊரிலை பாத்த மாதிரியே. ஆக்கள் போகட்டும் எண்டு காத்திருந்தன். வாற ஆக்கள் கண்ணாடியாலை பாத்து, தட்டிப் பாத்து, நித்திரை எண்டு கண்டதும் சிங்கம் பாக்கப் போயிடுவினம். ஆனால் ஒருத்தர் போக ஒருத்தர் வருவினம். துஷி என்னைக் குரங்கு பாக்க இழுத்துக்கொண்டு போனாள். பிறகு ஒட்டகச்சிவிங்கி. என்ரை கையெல்லாம் கைப்பையைத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தது.

திரும்பி வரேக்கை வெளிச்சம் மங்கத் தொடங்கிட்டுது. இலை கொட்டுற காலம், கெதியா இருண்டுபோடும். ஆக்களும் இல்லை. சுவருக்கு மேலாலை எட்டிப் புத்தைத் தொட்டன்.

குளிர்ந்துது. விரலாலை தட்டிப் பாத்தன். சீமெந்து.

துஷி விழுந்து விழுந்து சிரிச்சாள். "நிசம் எண்டு நினைச்சியளே? பெத்தோன் மாமி, சீமெந்து. உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

எனக்கு அழுகை வந்திட்டுது. அவள் சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு என்ரை முகத்தைப் பாத்தாள். திரும்பிப் போவமோ எண்டு யோசிச்சன். பிறகு நினைச்சன், ஊர்க் கோயிலிலையும் புத்தைச் சுத்திச் சீமெந்து பூசி மாபிள் எல்லாம் பதிச்சிருக்கினம் தானே. அதுக்காக நாகதம்பிரான் கோவிச்சுக்கொண்டு போகேல்லையே. வெளியிலை சீமெந்து எண்டால் என்ன, கும்பிடுறது ஓட்டைக்கு உள்ளை இருக்கிறதைத்தானே.

போத்திலைத் திறந்து பெரிய ஓட்டையாப் பாத்துப் பாலை வாத்தன். முட்டையை ஓட்டை வாசலிலை வைச்சன். கண்ணை மூடினன். வயித்திலை கிடக்கிறதுக்குத்தான் கேக்க வந்தனான். ஆனால் வாயிலை வந்தது மற்றவள். அவளை எங்கை வைச்சிருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது, மண்ணுக்குக் கீழை இருக்கிற உனக்குத் தெரியும், குளிரவிடாதை எண்டு கேட்டன். பிறகுதான், இதை எனக்கு விடு எண்டு கேட்டன்.

துஷி என்ரை சட்டையைப் பிடிச்சு இழுத்தாள்.

வீட்டுக் கதவு ஓட்டைக்குள்ளாலை முதல் மூக்கு வந்தது. பிறகு காது, ஒண்டு முன்னுக்கு, ஒண்டு பின்னுக்கு. பிறகு முழுசா வெளியிலை வந்து முதுகை வளைச்சுக்கொண்டு நிண்டது. இவ்வளவு பெரிசு எண்டு சுருண்டு கிடக்கேக்கை தெரியேல்லை. மூக்கை நிலத்திலை வைச்சு, இழுத்து இழுத்து மணந்துகொண்டு, இப்பிடியும் அப்பிடியுமா நடந்து நேரை புத்தடிக்கு வந்தது. எங்களை ஆரெண்டும் பாக்கேல்லை. முட்டையை மூக்காலை தள்ள அது உருண்டு விழுந்து உடைஞ்சுது. அதை நக்கிச்சுது. பிறகு புத்திலை நகத்தை ஊண்டி நிமிந்து, பால் வாத்த ஓட்டைக்குள்ளை நாக்கை விட்டுது. அந்த நாக்கு மெல்லிசா, நீளமா, ஈரமா, வளைஞ்சு வளைஞ்சு உள்ளை போய் வந்தது. போய்ப் போய் வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு கை தானாக் கும்பிட்டுது.

5

அப்ப பின்னாலை ஒரு சத்தம். சப்பாத்துப் போட்டு வாளியோடை ஒரு வயசான வெள்ளைக்காரன், அதைப் பாக்கிற வேலையாள். வெறும் போத்திலையும் என்னையும் பாத்துப்போட்டு ஏசத் தொடங்கினார். நான் 'பர்தோன், பர்தோன்' எண்டன். துஷி முன்னுக்குப் போய் அவரோடை கடகடவெண்டு கதைச்சாள். எனக்கு விளங்கின சொல் ஒண்டே ஒண்டுதான்.

"ஆன்சேந்த்."

பிள்ளைத்தாச்சி. ஆசுப்பத்திரியிலை போன வருசம் முழுக்க என்னைக் காட்டிச் சொன்ன சொல்லு. அது எனக்கு விளங்காமல் போகுமே. நான் திரும்பித் துஷியைப் பாத்தன். அவள் என்னைப் பாக்கேல்லை. எங்கட ஊரிலை பிள்ளை தங்க இப்பிடித்தான் செய்வினம் எண்டு அந்த மனுசனுக்குப் படிப்பிச்சுக்கொண்டு நிண்டாள்.

அவரின்ரை முகம் மாறிச்சுது. தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். பிறகு வாளியைச் சரிச்சுக் காட்டினார். கஞ்சி மாதிரி ஒண்டு. அரைச்ச இறைச்சி, மா, பால், முட்டை எண்டு துஷி சொல்லிக்கொண்டு வந்தாள். நீங்கள் வைச்சதைத்தான் நானும் ஒவ்வொரு பின்னேரமும் அந்த ஓட்டையளுக்கை வாக்கிறன், ஆனால் இனி வைக்கக் கூடாது, வருத்தம் வந்திடும் எண்டாராம். பகலிலை வந்து பாத்துப்போட்டு இது செத்த சாமான் எண்டு சொல்லிப் போற ஆக்கள்தான் கனக்கவாம். இந்த நேரத்துக்கு வந்து நிண்டு பாத்த ஆக்கள் குறைவாம்.

சாப்பிட்டு முடிய அது கிண்டத் தொடங்கிச்சுது. முன்னங்காலாலை கிண்ட, மண் பின்னாலை எங்கட சுவர் வரைக்கும் வந்து விழுந்துது. கொஞ்ச நேரத்திலை தலை உள்ளை போட்டுது. பிறகு நகம் எதிலையோ உரஞ்சிற சத்தம் கேட்டுது. கீழையும் சீமெந்து. அது கொஞ்சம் நிண்டு மணந்து பாத்திட்டு, தள்ளிப் போய் இன்னொரு இடத்திலை தொடங்கிச்சுது. அதின்ரை ஊரிலை எண்டால் இவ்வளவு நேரத்துக்கு ஆளே தெரியாத ஆழத்துக்குப் போயிருக்குமாம். ஒவ்வொரு காலமையும் அவர் வந்து அந்தக் கிடங்குகளை மூடி விடுவாராம், பின்னேரம் அது திரும்பக் கிண்டட்டும் எண்டு.

இது விட்டிட்டுப் போற கிடங்கு அங்கை என்னாகும் எண்டு துஷி தானாக் கேட்டாள். சும்மா கிடக்காதாம். பண்டி வந்து குட்டி போடுமாம், முள்ளம்பண்டி இருக்குமாம், பாம்பும் வந்து குடியிருக்குமாம். பாம்பு எண்டதை அவள் எனக்குச் சொல்லேக்கை அவளின்ரை கண்ணும் பெரிசாச்சு. புத்தை உடைக்கிற மிருகம் எண்டு நான் கோவிச்சிருந்தன். அது பாம்புக்கு வீடும் கட்டிக் குடுக்குது.

பூட்டுற மணி அடிக்கும்வரைக்கும் எங்களை நிக்க விட்டவர்.

6

மெத்ரோவிலை இருக்க இடம் கிடைச்ச பிறகு துஷியிட்டைக் கேட்டன், உமக்கு ஆர் சொன்னது எண்டு.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் கோப்பி மணந்தால் முகத்தைச் சுளிக்கிறியள். போன முறையும் அப்பிடித்தானே. அம்மாவுக்கும் தெரியும். நீங்கள் சொல்லுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இரு எண்டு எனக்கு அடி வேறை."

பிறகு யன்னலைப் பாத்துக்கொண்டு, தனக்கும் பயமா இருக்கு எண்டு சொன்னாள். அதை மட்டும் பிரெஞ்சிலை சொன்னாள். எனக்கு விளங்கிச்சுது. அவளின்ரை கையை எடுத்து என்ரை மடியிலை வைச்சிருந்தன்.

இவருக்கு அடுத்த நாள்தான் சொன்னன். எழும்பித் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர். நான் மெசினை விட்டு எழும்பி வந்து கட்டிலிலை இருந்து, திரும்பத் தங்கியிருக்கு எண்டன்.

"தெரியும்" எண்டார்.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் மற்ற ஆள் சொல்லட்டும் எண்டு பயந்துகொண்டு இருந்திருக்கிறம். நேற்று எங்கை போனனான், என்ன செய்தனான் எண்டு சொன்னன். ஏசுவார் எண்டு நினைச்சன். ஏசேல்லை. மற்றவளை எங்கை வைச்சவை எண்டு தெரியாததாலை நாகதம்பிரானிட்டைப் பாரம் குடுத்தன் எண்டு சொன்னன்.

அவர் கோப்பையைக் கீழை வைச்சார்.

"நான் அவளைத் தூக்கினனான்" எண்டார்.

நான் அவரின்ரை வாயையே பாத்துக்கொண்டு இருந்தன். தாதி துவாயாலை சுத்திக் கொண்டுவந்து அவரின்ரை கையிலை குடுத்தவவாம். அக்கா சொன்னதுக்குப் பயந்து எனக்குச் சொல்லாமல் விட்டவராம். இனிச் சொன்னால் பிழையோ எண்டு கேட்டார். சொல்லுங்கோ எண்டன்.

தலை நிறைய மயிராம். நெத்தியிலை ஈரமா ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். விரல் எல்லாம் நீளமாம், நகமும் வளந்திருந்ததாம். வலக் காது மடங்கி இருந்ததாம், தான் அதை நிமித்தி விட்டவராம். பாரம் இருந்தவள் எண்டார், சின்னப் பிள்ளை எண்டாலும் பாரம் இருந்தவள். நான் ஒவ்வொண்டாக் கேட்டன். மூக்கு? அவரின்ரை தாயின்ரை மூக்காம். நிறம்? என்ரை நிறமாம். அவர் கையை மடிச்சு, இப்பிடித்தான் வைச்சிருந்தனான் எண்டு காட்டினார். வேலைக்குப் போற நேரம் தாண்டிப்போட்டுது, ஆனால் ரெண்டு பேரும் எழும்பேல்லை.

கண் எப்பிடி இருந்தது எண்டு கடைசியாக் கேட்டன்.

"மூடித்தான் இருந்தது" எண்டார். "ஆனால் அது உம்மடை கண்."